கொழுந்து பறிக்கும் அசைவு
விளையாட்டுப் பாத்திரங்களுக்கு ஆடை கட்டுவது பற்றி

(பொல்பிட்டியவில் மலையக இளைஞர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினி விளையாட்டு என்றதும் இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலருக்கு மனம் கசக்கலாம். பிள்ளைகள் கைபேசியைப் பார்த்தே பொழுதைத் தொலைக்கிறார்கள் என்ற கவலை நியாயமானது. இன்று நான் பேச வந்திருப்பது விளையாட்டை ஆடுவதைப் பற்றி அல்ல, ஆக்குவதைப் பற்றி. அதிலும் ஒரேயொரு வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முப்பரிமாணப் பாத்திரத்துக்கு ஆடை செய்ய வேண்டும். அந்த ஆடை உடம்போடு சேர்ந்து அசையும்படி அதை எலும்புகளோடு கட்ட வேண்டும். பிறகு அதை மாடலிங் மென்பொருளிலிருந்து விளையாட்டு எஞ்சினுக்குப் பழுதில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கட்டுவதை ரிக்கிங் என்றும், கொண்டுபோவதை எக்ஸ்போர்ட் என்றும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

இதை ஏன் பொல்பிட்டியவில் பேச வேண்டும்? இங்கிருந்து சற்றுக் கீழே கித்துல்கலை இருக்கிறது. டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ 1957இல் வெளிவந்தது. கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில். படமாக்கப்பட்டது நம் களனி கங்கைக் கரையில். நம் ஆற்றுக்கு வேற்று நாட்டின் வேடம் போட்டு உலகத்துக்குக் காட்டினார்கள், உலகமும் நம்பியது. அதற்கும் முன்பே, ஸ்கோவன், ஸ்கீன், பிளேட் போன்ற பழைய படப்பிடிப்பு நிலையங்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுத்தன. அஞ்சல் அட்டைகளிலும் தேயிலை டின்களிலும் அந்தக் கொழுந்துப் பெண் இன்றுவரை நிற்கிறாள். அந்தப் படங்களுக்கு அவள் நின்ற கோலம் போதுமானதாக இருந்தது. கூடையின் பாரம் கழுத்தில் எங்கே இறங்குகிறது, சரிவில் கால் வைக்கும்போது இடுப்பில் கட்டிய படங்கு என்ற விரிப்பு எப்படித் தூக்கிக்கொள்கிறது என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டில் அப்படி முடியாது. அங்கே பாத்திரம் நடக்க வேண்டும், ஏற வேண்டும், குனிய வேண்டும், திரும்ப வேண்டும். ஆட்டக்காரர் அவளைச் சுற்றி எல்லாப் பக்கமும் போய்ப் பார்ப்பார். அசைவு தெரியாதவர் செய்த ஆடை முதல் அடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: ரிக்கிங் என்பது அசைவைப் பற்றிய அறிவைப் பதிந்து வைக்கும் வேலை, மலைநாட்டு உழைப்பின் அசைவை அறிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், ஆகவே அந்த வேலையை இங்கேயே செய்ய வேண்டும்.

தெரியாதவர் செய்யும்போதும் தெரிந்தவர் செய்யும்போதும் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1991இல் ஜப்பானின் கேப்கொம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டில் டால்சிம் என்ற இந்தியப் பாத்திரத்தைக் கொண்டுவந்தது. கழுத்தில் மண்டையோட்டு மாலை, இடுப்பில் கிழிந்த துணி, வாயிலிருந்து நெருப்பு. பல நாடுகளில் பிள்ளைகள் பலர் விளையாட்டில் கண்ட முதல் இந்தியர் அவராக இருக்கலாம். 2020இல் புனே நகரத்து நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் ‘ராஜி’ என்ற விளையாட்டை அன்ரியல் எஞ்சினில் செய்து வெளியிட்டது. பஹாரி ஓவியங்களிலிருந்து வண்ணமும் ராஜஸ்தானக் கோட்டைகளிலிருந்து கட்டடங்களும் எடுத்து, ஓர் இளம்பெண்ணை நாயகியாக்கினார்கள். 2023இல் டொரொண்டோவின் விசை கேம்ஸ் ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் அடுக்களைதான் அதன் களம். அதில் இட்லித் தட்டு இட்லித் தட்டாகவே இருந்தது. அடுத்த ஆண்டு பாஃப்டா விருதுகளில் அது சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வானது. ‘வெண்பா’ தட்டையான ஓவியத்தில் அமைந்த விளையாட்டு. அதில் ரிக்கிங் பற்றிய நமது சிக்கல்கள் குறைவு. ஆனால் வீட்டு விவரத்தை வீட்டார் செய்தால் உலகம் அதை மதிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

கணினியில் ஒரு உடம்பு என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன வலை. அதை மெஷ் என்கிறோம். அதற்குள்ளே ஒரு எலும்புக்கூடு. எலும்பு அசைந்தால் வலை அசைய வேண்டும். எந்தப் புள்ளி எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்று 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எண் கொடுக்கிறோம். அதற்கு வெயிட் என்று பெயர். கொழுந்துச் சாக்கு ஒன்றை இருவர் பிடித்துத் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கூடுதலாகத் தாங்கினால் மற்றவருக்குக் குறையும். மொத்தப் பாரம் மாறாது. முழங்கை மடிப்பில் இருக்கும் ஒரு புள்ளியை மேற்கை எலும்பும் கீழ்க்கை எலும்பும் ஆளுக்கு 0.5 என்று தாங்கும். எத்தனை எலும்புகள் தாங்கினாலும் கூட்டுத்தொகை 1 ஆகவே இருக்க வேண்டும். பெரும்பாலான விளையாட்டுகளில், குறிப்பாகக் கைபேசியில், ஒரு புள்ளிக்கு 4 எலும்புகளுக்கு மேல் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நீங்கள் 6 எலும்புகள் கொடுத்து அனுப்பினால் எஞ்சின் சிறியவற்றை வெட்டி எறிந்துவிடலாம். பிளெண்டர் என்ற மாடலிங் மென்பொருளில் அழகாக மடிந்த தோள் அங்கே போய் நெளிந்து நிற்கும்.

ஆடைக்கு என்று தனி எலும்புக்கூடு செய்வது புதியவர்கள் பலர் எடுக்கும் தவறான பாதை. உடம்பும் ஆடையும் ஒரே எலும்புக்கூட்டைப் பகிர வேண்டும். உடம்பில் ஏற்கெனவே நன்றாகத் தீட்டிய வெயிட்டை ஆடைக்கு நகல் எடுக்கலாம். பிளெண்டரில் அதற்கு ‘டேட்டா ட்ரான்ஸ்ஃபர்’ இருக்கிறது. ஆடையின் ஒவ்வொரு புள்ளியும் தனக்கு மிக அருகிலுள்ள உடம்பின் பரப்பைப் பார்த்து அதன் வெயிட்டை வாங்கிக்கொள்ளும். சட்டை, ரவிக்கை, காற்சட்டை போல உடம்பை ஒட்டிய ஆடைகளுக்கு இது பெரும்பாலும் போதும். அதன்பின் கையை உயர்த்தி, முதுகை வளைத்து, குந்தவைத்துப் பார்த்து, துணியைத் தோல் துளைத்து வரும் இடங்களைத் திருத்தினால் வேலை முடிந்தது.

நம் கொழுந்துப் பெண்ணின் ஆடைகளோ உடம்பை ஒட்டியவை அல்ல. அதனால்தான் அவை நல்ல பாடம். மூன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம்.

முதலாவது, படங்கு. செடியின் கிளை கிழிக்காமலும் பனியீரம் நனைக்காமலும் இருக்க, சேலைக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. உடம்பின் வெயிட்டை இதற்கு அப்படியே நகல் எடுத்தால் என்ன ஆகும்? விரிப்பின் இடப்பாதி இடக்காலுக்கும் வலப்பாதி வலக்காலுக்கும் சொந்தமாகிவிடும். அவள் ஓர் அடி வைத்ததும் படங்கு நடுவில் பிளந்து, காற்சட்டை போலக் காலைச் சுற்றிக்கொள்ளும். பாவாடை, சாரம், வேட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். திருத்துவதற்கு வழி உண்டு. இடுப்பெலும்பின் கீழே சுற்றிவர 8 எலும்புச் சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 3 எலும்புகள் என்று புதிதாக 24 எலும்புகள் வையுங்கள். படங்கின் மேல் விளிம்பு இடுப்புக்கு முழுதாகக் கட்டுப்படட்டும். கீழே போகப்போக அந்தந்தச் சங்கிலிக்கு மாறட்டும். பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையில் வெயிட் மெல்லக் கலக்கட்டும். தொடை எலும்பு உயரும்போது முன்பக்கச் சங்கிலிகள் அதன் திருப்பத்தில் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்ளட்டும்.

எவ்வளவு ஏற்றுக்கொள்ள வேண்டும்? இங்கேதான் உங்கள் அறிவு வேலை செய்கிறது. படங்கு பட்டுப் பாவாடை போலப் படபடக்காது. சரிவில் முழங்கால் உயரும்போது முன்பக்கம் ஒரே பலகையாகத் தூக்கிக்கொண்டு, கால் இறங்கியதும் பாரமாக விழும். நிரைக்கு இடையில் போகும்போது இரு பக்கத்துச் செடியும் அதை உள்ளே அழுத்தும். இந்த வேறுபாட்டை எந்த மென்பொருளும் சொல்லித்தராது. தினமும் படங்கு கட்டும் தாய் சொல்வார்.

இரண்டாவது, கூடை. கூடையின் கயிறு உச்சந்தலையில் இருக்கிறது, கூடை முதுகில் இருக்கிறது. ஆகவே அதன் பாதி தலைக்கும் பாதி முதுகுக்கும் சொந்தம் என்று நினைத்து வெயிட்டைப் பங்கிட்டால், அவள் குனியும்போது பிரம்புக் கூடை ரப்பர் போல வளையும். விறைப்பான பொருளுக்குச் சட்டம் எளிது: அதற்கென்று தனியாக ஓர் எலும்பு, அந்த ஓர் எலும்புக்கே முழு 1. அந்தக் கூடை எலும்பை மேல் முதுகெலும்பின் பிள்ளையாக்குங்கள். கயிறு மட்டும் வளையக்கூடியது. அதன் உச்சி தலையெலும்புக்கும், கூடையைத் தொடும் முனை கூடை எலும்புக்கும், இடைப்பகுதி இரண்டுக்கும் கலந்து இருக்கட்டும்.

இப்போது அவள் கொழுந்தைப் பறிக்கட்டும். இரு கைகளும் செடியின் மேல் ஓடுகின்றன. கைநிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய்ப் பின்னால் வீசுகிறது. தலை திரும்புவதில்லை, கூடையின் வாய் எங்கே என்று கைக்குத் தெரியும். அந்த வீச்சில் தோள்பட்டை உயரும்போது ரவிக்கையின் அக்குள் பகுதி இழுபடும். அங்கே வெயிட் முரடாக இருந்தால் துணி கிள்ளியது போலக் குழியும். ஆகவே ரவிக்கையைச் சோதிக்கக் கையைப் பக்கவாட்டில் விரித்துப் பார்த்தால் போதாது. கொழுந்து வீசும் கோலத்தையே சோதனைக் கோலமாக வையுங்கள். காலையில் வெறுங்கூடையோடு ஏறும் நடை வேறு, கொழுந்து நிறுக்க நிறைகூடையோடு இறங்கும் நடை வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். பல தோட்டங்களில் இப்போது பிரம்புக் கூடைக்குப் பதிலாகப் பைகள் வந்துவிட்டன. பை நிறைய நிறைய வடிவம் மாறும். அதற்கு ‘ஷேப் கீ’ என்ற வசதி இருக்கிறது. வெறும் பை ஒரு வடிவம், நிறைந்த பை இன்னொரு வடிவம். 0 முதல் 1 வரை நகர்த்தினால் பை கண்முன்னே நிறையும்.

மூன்றாவது, மழைக்குத் தலையில் போடும் கொங்காணி. உச்சியில் மாட்டி முதுகுவரை தொங்கும் இது தலைக்கும் மார்புக்கும் நடுவே நிற்கும் ஆடை. முழுவதையும் தலையெலும்புக்குக் கொடுத்தால், அவள் பக்கம் திரும்பும்போது முதுகுப் பகுதியும் கதவு போலச் சேர்ந்து திரும்பும். உச்சியில் தலைக்கு 1, கழுத்தருகே தலைக்கும் கழுத்துக்கும் பாதிப்பாதி, தோளில் மார்பெலும்பு, அதற்குக் கீழே தொங்கும் பகுதிக்கு இரண்டு மூன்று தனி எலும்புகள் என்று படிப்படியாக இறக்க வேண்டும். நனைந்த கொங்காணி அசைவில் பிந்தி வரும். நின்ற பின்னும் ஒரு கணம் ஆடி அடங்கும்.

சேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தைக்காத துணி, ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். அதை மடிப்பு மடிப்பாக முப்பரிமாணத்தில் கையால் செதுக்குவது பெரும்பாடு. தென்கொரியாவில் உருவான ‘மார்வலஸ் டிசைனர்’ போன்ற மென்பொருளிலோ பிளெண்டரின் துணி இயக்கத்திலோ செவ்வகத் துணியாக உடம்பில் சுற்றிவிட்டு, கொசுவம் படிந்ததும் அதை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கிடைக்கும் வலையில் புள்ளிகள் ஏராளம். துணியின் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அதைப் பார்த்து, வெளியே தெரியும் பரப்பை மட்டும் குறைந்த புள்ளிகளில் மீண்டும் வரைய வேண்டும். நுண்ணிய மடிப்புகளை நோர்மல் மேப் என்ற படத்தில் பதிந்துகொள்ளலாம். 2014இல் வெளிவந்த ‘கோச்சடையான்’ போன்ற திரைப்படத்தில் ஒரு சட்டகத்தின், அதாவது ஒரு ஃப்ரேமின், துணியைக் கணினி மணிக்கணக்கில் கணக்கிடலாம். விளையாட்டிலோ ஒரு நொடிக்கு 60 சட்டகங்கள். துணி, ஒளி, எதிரி, ஒலி எல்லாவற்றுக்குமாகச் சட்டகம் ஒன்றுக்கு 17 மில்லிநொடிகூட இல்லை. ஆகவே சிக்கனம் இந்தக் கலையின் இலக்கணம்.

ஆடை கட்டியாயிற்று. இனி அனுப்ப வேண்டும். முயற்சிகள் பல இந்த வாசலில்தான் உடைகின்றன.

பெரும்பாலோர் பயன்படுத்தும் கோப்பு எஃப்பிஎக்ஸ். மொன்றியல் நகரத்துக் கய்தாரா நிறுவனத்தில் பிறந்து, பின்னர் ஆட்டோடெஸ்க் கைக்குப் போன தனியுடைமை வடிவம் அது. க்ரோனோஸ் அமைப்பு வெளியிட்ட ஜிஎல்டிஎஃப் திறந்த வடிவம், அதன் 2.0 பதிப்பு 2017இல் வந்தது. கோடோ எஞ்சினுக்கு இதுவே இயல்பான பாதை. எதை எடுத்தாலும் நான்கு விஷயங்களில் கண் வையுங்கள்.

முதலில் அளவும் திசையும். பிளெண்டரில் ஓர் அலகு 1 மீற்றர், மேல்திசை இசட். யூனிட்டி எஞ்சினிலும் அலகு 1 மீற்றர், ஆனால் மேல்திசை வை. அன்ரியலில் மேல்திசை இசட், அலகோ 1 சென்ரிமீற்றர். அதனால்தான் எஞ்சினுக்குள் வந்ததும் பாத்திரம் மல்லாந்து கிடக்கிறது, அல்லது எறும்பளவில் நிற்கிறது. எக்ஸ்போர்ட் செய்யுமுன் உடம்பு, ஆடை, எலும்புக்கூடு மூன்றிலும் சுழற்சியை 0, அளவை 1 என்று நிலைப்படுத்திவிடுங்கள். அதையும் அசைவுகளைப் பதியுமுன் செய்யுங்கள். பிறகு செய்தால் பதிந்த அசைவு குலையும்.

இரண்டாவது, எலும்புப் பெயர்கள். உடம்புக் கோப்பிலும் ஆடைக் கோப்பிலும் பெயரும் படிநிலையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிளெண்டரின் எஃப்பிஎக்ஸ் ஏற்றுமதியில் ‘ஆட் லீஃப் போன்ஸ்’ என்ற தெரிவு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது ஒவ்வொரு முனையிலும் தேவையில்லாத எலும்பு ஒன்றைச் சேர்க்கும். அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, கட்டுப்பாடுகள். தொடை உயர்ந்தால் படங்கு உயர வேண்டும் என்று பிளெண்டரில் போட்ட ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ கோப்போடு பயணிக்காது. ஒன்று, அந்த அசைவைச் சட்டகம் சட்டகமாகப் பதிந்து அனுப்ப வேண்டும். அல்லது எஞ்சினுக்குள் அதை மீண்டும் அமைக்க வேண்டும். துணி இயக்கமும் அப்படித்தான்.

நான்காவது, ஷேப் கீ. அவை உள்ள வலையில், வலையின் வடிவத்தை மாற்றும் மிரர் போன்ற மொடிஃபயர்களை ஏற்றுமதி நேரத்தில் பதிய முடியாது. ஆகவே முதலில் மொடிஃபயர்களைப் பதிந்துவிட்டு, அதன்பிறகே நிறைந்த பையின் வடிவத்தைச் செய்யுங்கள்.

எஞ்சினுக்குள் நுழைந்ததும் ஆடையை உடம்பின் எலும்புக்கூட்டோடு சேர்க்க வேண்டும். அன்ரியலில் ‘லீடர் போஸ்’ என்ற முறையில் உடம்பு முன்னே செல்ல, ஆடைகள் அதன் கோலத்தைப் பின்பற்றும். யூனிட்டியில் ஆடையின் எலும்புப் பட்டியலை உடம்பின் எலும்புகளோடு அதே வரிசையில் இணைக்க வேண்டும்; வரிசை தவறினால் கை அசைய முழங்கால் துணி பறக்கும். ஆடைக்குள் மறையும் உடம்பின் பாகத்தை மறைத்துவிட்டால் தோல் துளைத்து வரும் தொல்லையும் கணக்குச் சுமையும் ஒருசேரக் குறையும். தொங்கும் பகுதிக்கு எஞ்சினின் துணி இயக்கத்தைப் பயன்படுத்தலாம். யூனிட்டியிலும் அன்ரியலிலும் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்று குறிக்கலாம். இடுப்புக் கட்டில் 0, ஓரத்தில் சிறிது. சாதாரணக் கைபேசியிலும் ஓட வேண்டுமென்றால் அந்த 24 எலும்புகளே போதும்.

தம்பி தங்கைகளே, இந்த வேலைக்கும் நம் குடும்பங்களுக்கும் ஏற்கெனவே ஓர் உறவு இருக்கிறது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைகள் திட்டம் வந்தது. மலையகத்துப் பெண்கள் எத்தனையோ பேர் தையல் இயந்திரத்தின் முன் இளமையைக் கழித்திருக்கிறார்கள். கையின் வளைவு எங்கே தொடங்க வேண்டும், தையலுக்கு எவ்வளவு ஓரம் விட வேண்டும், துணியின் நெய்வுத் திசை மாறினால் எப்படித் தொங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆடைத்துறை இப்போது மாதிரி ஆடையைத் தைப்பதற்கு முன் திரையில் முப்பரிமாணத்தில் உடுத்திப் பார்க்கிறது. அங்கே வெட்டும் பெட்டர்ன் துண்டுகளும் மார்வலஸ் டிசைனரில் வெட்டும் துண்டுகளும் ஒரே தர்க்கத்தில் அமைந்தவை. தொழிற்சாலையிலிருந்து திரும்பிய ஓர் அக்காவும் பிளெண்டர் பழகிய ஒரு தம்பியும் ஒரே மேசையில் அமர்ந்தால், விலை கொடுத்து வாங்கும் ஆயத்த ஆடைகளைவிட நல்ல ஆடையை உருவாக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 1994இல் டொன் ரோசண்டால் தொடங்கிய பிளெண்டர், 2002இல் மக்களிடம் திரட்டிய 1,00,000 யூரோவால் மீட்கப்பட்டுப் பொதுச்சொத்துப் போல ஆனது. அர்ஜென்டினாக்காரர் இருவர் உருவாக்கி 2014இல் திறந்துவிட்ட கோடோ எஞ்சினும் இலவசம். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினி தொடங்கப் போதும். தனித்தனியாக வாங்க முடியாவிட்டால் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒரு கணினியை நான்கு பேர் முறைவைத்துப் பயன்படுத்துங்கள். 1969 முதல் நீர்மின் நிலையத்தில் மின்சாரம் பிறக்கும் ஊர் இது. அந்த மின்சாரத்தில் ஓடும் கணினியில் இந்த ஊரின் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். சேலை, படங்கு, கூடை, கொங்காணி ஆகிய நான்கையும் ஒரே எலும்புக்கூட்டில் கட்டி, யூனிட்டி, அன்ரியல், கோடோ மூன்றிலும் திறக்கும்படி செய்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வெளியிடுங்கள். ஆடையை அளக்க இறம்பொடை ஓல்ட் பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அசைவை அளக்க மலைக்குத்தான் போக வேண்டும். வேலை செய்பவரிடம் அனுமதி கேட்டு, எதற்காக என்று விளக்கிவிட்டுப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் படம் எடுங்கள். எடுத்ததைத் திரையில் அவருக்கே காட்டி, எங்கே பிழை என்று கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை வெயிட்டைத் திருத்துங்கள். அடுத்ததாக மாசி மாதத்துக் காமன் கூத்தின் ரதிக்கும் மதனுக்கும் உடை கட்டலாம்.

நாளை எங்கோ ஒரு நாட்டில் விளையாட்டு செய்பவர் ஒருவர் தேயிலை மலைப் பெண் ஒருத்தியைத் தேடும்போது, இங்கே செய்த ஆடையும் இங்கே பதிந்த அசைவும் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும். கோப்போடு செல்லும் குறிப்பில் ரிக் செய்தவரின் பெயரை எழுதுங்கள். அவர் இசைந்தால், அசைவைச் சொல்லித்தந்த தாயின் பெயரையும் அதே அளவு எழுத்தில் அருகிலேயே எழுதுங்கள்.